உங்களுக்குத் தெரியுமா? பொடியில் பிறந்த எஃகு

உங்கள் பைக்கிலிருந்தே தொடங்கலாம்

ஷாக் அப்சார்பருக்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன், என்ஜினுக்கு எண்ணெய் இறைக்கும் பம்ப்பின் சின்னப் பல்சக்கரம், காரின் கியர்பாக்ஸில் இருக்கும் சிங்க்ரோ ஹப். இவற்றில் பல, உருக்கி வார்த்தவையும் இல்லை, கம்பியை வெட்டிக் கடைந்தவையும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? இரும்புப் பொடியை டைக்குள் கொட்டி, பிரஸ்ஸில் அழுத்தி, சூளையில் சுட்டு எடுத்தவை அவை. பவுடர் மெட்டலர்ஜி என்பது தொழிலின் பெயர். சூளையில் சுடுவதற்குச் சின்டரிங் என்று பெயர். பட்டறையில் 'சின்டர் பாகம்' என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். ஓசூரில் இந்த வேலை நடக்கிறது. ஹைதராபாத்தில் ஏ.ஆர்.சி.ஐ. என்ற மத்திய அரசு ஆராய்ச்சி மையமே இதன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாலாடு பிடிக்கத் தெரியுமா?

பொட்டுக்கடலை மாவில் நெய் ஊற்றி அழுத்திப் பிடித்தால் மாலாடு. இரும்புப் பொடியில் 0.5 முதல் 0.8 சதவீதம் மெழுகு அல்லது ஜிங்க் ஸ்டியரேட் கலந்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 முதல் 7 டன் வரை அழுத்தினால் ஒரு பல்சக்கரம் வெளியே வரும். அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் பளபளவென்று முழு இரும்பு போலவே இருக்கும். கட்டைவிரலால் பல்லின் ஓரத்தை அழுத்தினால் உதிரும். மேஜையிலிருந்து விழுந்தால் உடையும். சுடாத பானையைப் 'பச்சை' என்கிறோமே, இதையும் அப்படித்தான் சொல்வார்கள்.

பிறகு 1120 டிகிரி செல்சியஸில் 20, 30 நிமிடம். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும், ஆகவே இரும்பு உருகுவதில்லை. துகளும் துகளும் தொட்ட இடத்தில் ஒட்டி, கழுத்து போல வளர்ந்து, ஒரே உடலாகிவிடுகின்றன.

உள்ளே போவது இரும்பு, வெளியே வருவது எஃகு

கரியை முன்பே இரும்பில் கரைத்துப் பொடியாக்கினால், பொடி கல்லாகிவிடும். பிரஸ்ஸில் அழுந்தாது. அதனால் கரியைக் கிராஃபைட் தூளாகத் தனியே கலக்கிறார்கள். சூளையில்தான் அது இரும்புக்குள் கரைகிறது. அரை மணிக்குள் எஃகு தயார்.

பத்தில் ஒரு பங்கு காற்று

முழு இரும்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.87 கிராம். சாதாரண சின்டர் எஃகு 7.0 கிராம் அளவில் நிற்கும். மீதிப் 11 சதவீதம் என்ன? துளைகள். கண்ணுக்குத் தெரியாத, ஒன்றோடொன்று கைகோத்த துளைகள்.

வீட்டிலேயே பார்க்கலாம். எண்ணெய் நீக்கிய பழைய சின்டர் புஷ் ஒன்று கிடைத்தால், அதன் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். முதலில் முத்து போல நிற்கும். கொஞ்ச நேரத்தில் பரவும். பிறகு பார்த்தால் ஈரத் தடம் மட்டும் இருக்கும், எண்ணெய் உள்ளே போயிருக்கும். மண்பானை தண்ணீர் குடிப்பதைப் போலத்தான். இந்தத் துளைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாமே இவற்றைச் சுற்றித்தான்.

தேய்மானத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

1953-ல் பிரிட்டனின் ஆர்ச்சர்ட் எழுதி வைத்த சூத்திரம் இன்றும் ஆய்வுக்கூடங்களில் முதல் பாடம். சுமை கூடினால் தேய்மானம் கூடும். உரசும் தூரம் கூடினாலும் கூடும். கடினம் கூடினால் குறையும். அதனால்தான் பாகத்தின் மேல்தோலை மட்டும் கடினமாக்கி, உட்புறத்தைக் கொஞ்சம் இளக்கமாக விடுகிறார்கள். கரியை ஊட்டலாம், நைட்ரஜனை ஊட்டலாம், மின்தூண்டலால் மேல்தோலை மட்டும் சூடேற்றிக் குளிர்விக்கலாம், நீராவியில் வைக்கலாம்.

ஆனால் சின்டர் எஃகின் கடினத்தை அளப்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ராக்வெல் கருவியின் வைர முனை துளைகளையும் சேர்த்து அமுக்கிவிடும். எஃகுத் துகள் 700 விக்கர்ஸ் கடினத்தோடு, அதாவது ராக்வெல் சி அளவில் 60 போல, இருந்தாலும் கருவி 35 என்று காட்டக்கூடும். மார்க் குறைவு என்று பாகத்தைத் தள்ளிவிடக் கூடாது. மைக்ரோஸ்கோப்புக்கு அடியில், துளை இல்லாத இடமாகப் பார்த்துச் சின்ன முனையால் குத்திப் பார்க்க வேண்டும். உரசலைத் தாங்கும் துகளின் உண்மையான கடினம் அந்த எண்தான்.

செம்பு: பாகு போல ஓடும், உப்ப வைக்கும்

செம்பு 1085 டிகிரியில் உருகும். சூளையோ 1120. ஆகவே கலந்திருக்கும் 2 சதவீதச் செம்பும் உருகி, வெல்லப்பாகு போல இரும்புத் துகள்களின் இடுக்குகளில் ஓடி, இரும்புக்குள் நுழைந்து அதை வலுவாக்கும். கூடவே பாகத்தைக் கொஞ்சம் உப்பவும் வைக்கும். கிராஃபைட் சேர்ந்தால் அந்த உப்பல் அடங்கும். மலிவு, நம்பகம். ஆனால் கரியோடும் நைட்ரஜனோடும் சேர்ந்து கடினச் சேர்மம் எதையும் செம்பு உண்டாக்காது. நைட்ரஜன் ஊட்டும் நைட்ரைடிங்கில் செம்பை நம்பிப் பயனில்லை.

நிக்கல் ஏன் மெதுவாக நடக்கிறது?

சின்டர் எஃகில் நீண்ட காலம் ராஜாவாக இருந்தது நிக்கல். சுவீடனின் ஹெகனேஸ் நிறுவனம், 1797-ல் நிலக்கரிச் சுரங்கமாகத் தொடங்கி இன்று இரும்புப் பொடிக்குப் பேர்போனது. 4 சதவீத நிக்கல், 1.5 சதவீதச் செம்பு, 0.5 சதவீத மாலிப்டினம் ஆகியவற்றை இரும்புத் துகளின் மேல் ஒட்டவைத்த அதன் டிஸ்டலாய் ஏ.இ. என்ற பொடி, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மனப்பாடம்.

நிக்கல் இரும்புக்குள் ஊறிப் போக வெகு நேரம் எடுக்கும். அரை மணிச் சூளையில் அது முழுக்கக் கலப்பதில்லை. துகள்களுக்கு நடுவிலும் துளைகளின் ஓரத்திலும் நிக்கல் மிகுந்த திட்டுகளாகத் தங்கிவிடுகிறது. இந்தப் பாகத்துக்குக் கரி ஊட்டி, எண்ணெயில் தோய்த்தால் சுற்றியுள்ள இரும்பு மார்ட்டன்சைட்டாக, கண்ணாடி போலக் கடினமாக மாறும். நிக்கல் திட்டுகள் மட்டும் மாறாமல் மென்மையான ஆஸ்டனைட்டாகவே நிற்கும். கரி, நிக்கல் இரண்டுமே அந்த மாற்றத்தைத் தள்ளிப் போடுபவை. அரித்த மாதிரித் துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கறுத்த வயலுக்கு நடுவே வெள்ளைத் தீவுகளாகத் தெரியும்.

இது நல்லதா, கெட்டதா? எந்தத் தேய்மானம் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். மணலும் தூசும் உரசிக் கீறும் இடத்தில் அந்த மென்மையான தீவுகள் பலவீனம்தான், முதலில் கீறுபடுவது அவையே. ஆனால் பல்சக்கரத்தின் பற்கள் உருண்டு உருண்டு அழுத்தும் இடத்தில் கதை வேறு. அங்கே துளையின் ஓரத்தில் பிறக்கும் விரிசல்தான் எதிரி. விரிசல் அந்தத் தீவுக்கு வந்தால் வேகம் குறைகிறது. அழுத்தத்தில் ஆஸ்டனைட் மார்ட்டன்சைட்டாக மாறி, கொஞ்சம் விரிந்து, விரிசலை நெருக்கவும் செய்கிறது. 'நிக்கல் சேர்த்தால் தேய்மானம் குறையுமா?' என்று ஒரே வரியில் கேட்டால், ஒரே வரியில் பதில் கிடையாது.

ஒரு நாள் விலை

2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் ஒரு டன் 1,00,000 டாலரைத் தாண்டியது. சந்தையை நிறுத்தி வைத்தார்கள், அன்றைய வியாபாரத்தை ரத்தும் செய்தார்கள். நுண்ணிய நிக்கல் தூளைச் சுவாசிப்பது தொழிலாளர் உடலுக்கும் ஆகாது. நிக்கல் இல்லாத கலவைகளைத் தேடுவதற்கு இந்த இரண்டு காரணங்களே போதும்.

மாலிப்டினம்: அமைதியாக வேலை செய்வது

என் கணிப்பில் சின்டர் எஃகுக்கு மிகவும் பொருந்திய கூட்டாளி இதுதான். 0.85 அல்லது 1.5 சதவீத மாலிப்டினத்தை இரும்போடு முன்பே உருக்கிக் கலந்தாலும் பொடி அதிகம் கடினமாவதில்லை. பிரஸ்ஸில் நன்றாக அழுந்தும். அதன் ஆக்சைடு சூளை வாயுவிலேயே எளிதாகக் கழன்றுவிடும். எல்லா இடத்திலும் சமமாகக் கலந்திருப்பதால், கரி ஊட்டிய பின் மேல்தோல் முழுக்க மார்ட்டன்சைட் ஒரே சீராகக் கிடைக்கும். தேய்மானச் சோதனையில் பாகத்தின் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மோசமாகவும் வருவதைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் இதை விரும்புவதில் ஆச்சரியமில்லை.

குரோமியம்: மலிவு, ஆனால் வீம்பு

நிக்கலைவிடக் குரோமியம் விலை குறைவு. கடினமாக்கும் சக்தியோ அதிகம். பிறகு ஏன் இத்தனை காலம் ஒதுக்கி வைத்தார்கள்? ஆக்சிஜன்தான் காரணம். குரோமியம் ஆக்சிஜனைப் பிடித்தால் லேசில் விடாது. சூளை வாயுவில் ஈரம் கொஞ்சம் இருந்தாலும், ஒவ்வொரு துகளின் மேலும் குரோமிய ஆக்சைடுப் படலம் படிந்து, துகள்கள் ஒட்டாமல் போகும். நன்கு உலர்ந்த நைட்ரஜன், ஹைட்ரஜன் கலவையில்தான் சின்டர் செய்ய வேண்டும். அந்த வசதி பரவிய பிறகே 3 சதவீதக் குரோமியம், 0.5 சதவீத மாலிப்டினம் கொண்ட பொடிகள் தைரியமாகப் புழக்கத்துக்கு வந்தன.

சின்டரிங்கைத் தாண்டினாலும் தொல்லை தீர்வதில்லை. கரி ஊட்டும் சாதாரண வாயுவில் கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் ஈரமும் உண்டு. சாதாரண எஃகாக இருந்தால் வெளித்தோலில் மட்டும் ஆக்சைடு படியும். இங்கே துளை வழியாக உள்ளே போய், அங்கேயும் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சைடாகிப் போன குரோமியம் கடினத்துக்கு உதவாது. இதற்கு ஏற்ற வழி வெற்றிடச் சூளை. குறைந்த அழுத்தத்தில் அசிட்டிலீன் போன்ற ஆக்சிஜன் இல்லாத வாயுவைக் கொடுத்துக் கரியை ஊட்டி, எண்ணெய்க்குப் பதில் நைட்ரஜனை வேகமாகப் பாய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். துளைக்குள் எண்ணெய் தேங்காது என்பது கூடுதல் லாபம்.

நைட்ரஜனுக்குக் கூட்டாளி வேண்டும்

1920-களில் ஜெர்மனியின் எசன் நகரில், க்ருப் ஆலையில் அடால்ஃப் ஃப்ரை கண்டறிந்தது இது: அம்மோனியாவில் சூடாக்கி எஃகுக்கு நைட்ரஜன் ஊட்டும்போது, அதில் அலுமினியம், குரோமியம், மாலிப்டினம், வனேடியம் போன்றவை இருந்தால்தான் தோல் உண்மையிலேயே கடினமாகும். அவை நைட்ரஜனைப் பிடித்துக் கண்ணுக்கே தெரியாத நுண்ணிய நைட்ரைடு பரல்களாக நிற்கும். குரோமியம் சேர்த்த எஃகு 800 விக்கர்ஸைத் தாண்டுவது சாதாரணம். வெறும் இரும்பு அதன் பக்கத்திலேயே வராது.

இந்த இடத்தில் நிக்கலின் கிரீடம் கழன்றுவிடுகிறது, ஏனென்றால் அது நைட்ரைடு உண்டாக்குவதில்லை. கரி ஊட்டும் வேலையில் உதவிய அதே நிக்கல் நைட்ரைடிங்கில் வேடிக்கை பார்க்கும். கரி ஊட்டுகையில் வீம்பு பிடித்த குரோமியமோ இங்கே முன்வரிசைக்கு வருகிறது. கலவைப் பட்டியலை மட்டும் பார்த்து எஃகை வாங்கி, பிறகு எந்த முறையில் கடினமாக்கலாம் என்று யோசிப்பது தலைகீழ் வேலை. முறையை முடிவு செய்துவிட்டுத்தான் கலவையைத் தேட வேண்டும்.

இன்னொன்று: அம்மோனியா வாயுவில் துளைகள் உள்ள பாகத்தை நைட்ரைடு செய்தால், வாயு அடிவயிறு வரை போய் ஒவ்வொரு துளையின் சுவரையும் நைட்ரைடாக்கும். பாகம் உப்பும், நொறுங்கும். பிளாஸ்மா முறையில் மின்னூட்டம் பெற்ற நைட்ரஜன் பெரும்பாலும் மேற்பரப்போடு நிற்பதால், சின்டர் எஃகுக்கு அதுவே பொருத்தம். ஆனால் முன்னதாகத் துளைக்குள் இருக்கும் கூலன்ட், எண்ணெய் எல்லாவற்றையும் சுட்டு வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் வெற்றிடத்தில் அவை கசிந்து பிளாஸ்மாவைக் குலைத்துவிடும்.

மாங்கனீசு

சூளையில் ஆவியாகி, துளைகள் வழியே போய், பக்கத்துத் துகளில் படிகிறது. துளைகளையே பாதையாக்கிப் பரவும் விசித்திரமான கலப்பு உலோகம்.

உப்பில் போடாதீர்கள்!

பல வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் பார்த்தது மறக்கவில்லை. சாதாரண எஃகுப் பாகங்களை உருகிய உப்புக் குளியலில் போட்டுக் கடினமாக்கிப் பழகியவர்கள், சின்டர் புஷ்களையும் அப்படியே போட்டார்கள். எடுத்துக் கழுவிய அன்று பளபளப்பு, கடினமும் நன்றாகவே வந்தது. மூன்று வாரம் கழித்து அட்டைப்பெட்டியைத் திறந்தால், ஒவ்வொரு புஷ்ஷின் மேலும் வெள்ளைப் பூ பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் அடியில் செந்துரு. துளைக்குள் புகுந்த உப்பு மழைக்காலக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, கசிந்து வெளியே வந்திருந்தது. அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குப் போனது. எந்தக் கலப்பு உலோகமும் அதைக் காப்பாற்றியிருக்காது.

தோல் எங்கே முடிகிறது?

அடர்த்தி 7 கிராமுக்கும் கீழே இருந்தால் கரி வாயு துளைகளின் வழியே நடுப்பகுதி வரை போய்விடும். மேல்தோல், உட்புறம் என்ற பிரிவே இருக்காது. முழுவதும் கடினமாகி, முழுவதும் நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். அடர்த்தி ஏற ஏறத் துளைகள் தனித்தனியாக அடைபட்டு, தோலுக்கு ஒரு தெளிவான எல்லை கிடைக்கும்.

துளைகள் வெப்பத்தையும் மெதுவாகவே கடத்தும். முழு எஃகு குளிரும் வேகத்தில் சின்டர் எஃகு குளிராது. ஆகவே அதே ஆழத்துக்கு மார்ட்டன்சைட் வேண்டுமானால், கலப்பு உலோகம் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். மின்தூண்டல் முறைக்கு இன்னொரு தேவையும் உண்டு. அதில் வெளியிலிருந்து கரி வருவதில்லை. பாகத்தில் ஏற்கனவே 0.5 சதவீதம் அளவுக்காவது கரி இருந்தாக வேண்டும்.

டெல்லித் தூணும் பாஸ்பரஸும்

குதுப் மினார் வளாகத்தில் நிற்கும், சுமார் 1600 ஆண்டுப் பழமையான இரும்புத் தூண் உருக்கி வார்த்ததில்லை. 6 டன்னுக்கும் மேற்பட்ட அந்தத் தூண், கடற்பஞ்சு போன்ற இரும்புக் கட்டிகளைச் சூடாக்கி, அடித்து, ஒன்றோடொன்று ஒட்டவைத்து உண்டாக்கியது. உருகாமலே ஒட்டவைப்பது என்ற வகையில் சின்டரிங்குக்கு அது பாட்டன். அதன் இரும்பில் பாஸ்பரஸ் சுமார் 0.25 சதவீதம். துருப்பிடிக்காமல் நிற்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இன்றைய எஃகு ஆலைகளுக்குப் பாஸ்பரஸ் என்றாலே ஆகாது, எஃகை நொறுங்க வைக்கும் என்று விரட்டுவார்கள். சின்டர் ஆலையில் அதே பாஸ்பரஸை 0.45 சதவீதம் காசு கொடுத்து வாங்கிக் கலப்பது உண்டு. 1050 டிகிரியில் இரும்போடு சேர்ந்து திரவமாகி, துளைகளின் கூர்முனைகளை உருட்டிவிடும். கூர்முனை மழுங்கினால் விரிசல் பிறக்க இடம் குறையும். ஆனால் கரி அதிகமுள்ள கலவையில் பழைய புத்தி திரும்பிவிடும், அங்கே பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

இட்லிப் பானை போல ஓர் உலை

சூடான இரும்பின் மேல் நீராவியை விட்டால், 500 முதல் 570 டிகிரிக்குள், நீலக் கருப்பான மாக்னடைட் படலம் வளரும். வெளியில் மட்டுமல்ல, துளைக்குள்ளும் வளர்ந்து துளையை அடைத்துவிடும். இரும்பைவிடப் பல மடங்கு கடினம். 570-ஐத் தாண்டினால் வேறு வகை ஆக்சைடு வந்து கெடுக்கும். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரின் பிஸ்டன், கனெக்டிங் ராடு பலவற்றுக்கும் இந்த ஆவிக்குளியல்தான். விலை உயர்ந்த கலப்பு உலோகம் ஏதுமில்லாமல், தண்ணீரைக் கொண்டே தேய்மானத்தைக் குறைக்கும் இந்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

துளை எப்போதும் எதிரியா?

இல்லை. எண்ணெயில் ஓடும் பாகத்தில் அது குட்டித் தொட்டி. உரசலில் கழன்ற துணுக்குகள் துளைக்குள் விழுந்து ஒளிந்துகொண்டால், அவை மேற்பரப்பைக் கீறுவதும் குறையும். ஆனால் உருளும் அழுத்தத்தில் அதே துளை விரிசலின் பிறப்பிடம். அதனால் பல்சக்கரங்களின் பற்களை மட்டும் உருளைகளால் நசுக்கி, மேல்தோலின் துளைகளை மூடிவிட்டு, பிறகு கரி ஊட்டுகிறார்கள். உள்ளே துளை, வெளியே முழு எஃகு.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை

சின்டர் பாகத்துக்கு வரைபடம் போடும் இளைஞர்களும் சிறு பட்டறை முதலாளிகளும் வழக்கமாகக் கலவையின் பெயரை எழுதி, 'கேஸ் ஹார்டன்' என்று இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். அடர்த்தி எவ்வளவு, எந்த முறையில் கடினமாக்க வேண்டும், தோலின் ஆழம் எத்தனை, கடினத்தை ராக்வெல்லில் அளப்பதா மைக்ரோவில் அளப்பதா என்ற நான்கையும் அதே தாளில் எழுதுங்கள். உப்புக் குளியல் கூடாது என்பதையும் மறக்காமல் சேருங்கள்.